காமிரா எங்கே நின்றது?

சென்ற ஆண்டு தை மாதத்தில் எம் தங்கையின் திருமணம் திருப்பதியில் நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாகச் சித்தூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினர். எம் தந்தையார் காலமாகிவிட்டபடியால், தாரை வார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. தாயாரோ சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். திருமணத்தைத் தள்ளிப் போடலாம் என்றதற்கு, "வேண்டாம், நாள் கடத்தாதே. படம் பிடித்து அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

குமாஸ்தா சம்பளத்தில் கல்யாணம் செய்பவன் எங்கெல்லாம் செலவைக் குறைப்பான் என்பது வாசகர்கள் அறியாததன்று. நிழற்படத்துக்கு மட்டும் ஆள் வைத்தோம், வீடியோவுக்கு வைக்கவில்லை. நம் கைப்பேசியையே மண்டபத்தின் கடைசியில் ஒரு நாற்காலியின்மேல் தாங்கி வைத்து நிறுத்தினோம். எல்லாமும் விழவேண்டும், ஒன்றும் விடுபடக்கூடாது என்பதே நம் எண்ணம். நாம் மணவறையில் அமர்ந்துவிட்டோம். கைப்பேசி தன் கடமையை இரண்டரை மணி நேரம் தவறாமல் செய்தது.

பத்து நாள் கழித்து ஊருக்குச் சென்று தாயாருக்குக் காட்டினோம். அவர் பொறுமையாகப் பார்த்தார். படத்தில் எல்லாமும் இருந்தன. தலைகள் இருந்தன, நாகசுரக்காரரின் முதுகு இருந்தது, மணவறையின் பூச்சரம் இருந்தது, நடுவே இரண்டு சிறு உருவங்கள் இருந்தன. கெட்டிமேளம் கொட்டிய கணத்தில் முன்வரிசையில் இருந்தோர் எல்லோரும் எழுந்து அட்சதை தூவ, அந்த இரண்டு உருவங்களும் மறைந்து போயின. படம் முடிந்ததும் தாயார் கேட்டார்:

"எல்லாம் சரிதான் ஐயா. தாலி ஏறும்போது அவ முகம் எப்படி இருந்துச்சு?"

நம்மிடம் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த நாமே பார்க்கவில்லை, குனிந்து கொண்டிருந்தோம். நிழற்படக்காரரின் படங்களைப் புரட்டினோம். அந்தக் கணத்தில் அவர் மாப்பிள்ளையின் கையைத்தான் எடுத்திருந்தார். மற்றப் படங்களில் எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த முகம் எங்கேயும் இல்லை.

திருப்பதிக்குத் திரும்பியபின் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இந்தக் குறையைச் சொன்னோம். அவர் இளமையில் சென்னை வடபழனியில் படப்பிடிப்புத் தளங்களில் லைட்மேனாக வேலை பார்த்தவர். படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "காமிரா எங்கே நின்றது?" என்று கேட்டார். "கடைசி வரிசையில்" என்றோம். "அப்படியானால் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்ததுதான் உங்கள் அம்மாவுக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவளை யாராவது கடைசி வரிசையில் உட்கார வைப்பார்களா?" என்றார். அந்தச் சொல் நம்மைத் தைத்தது. அதன்பின் பல மாலைகள் அவர் வீட்டுத் திண்ணையில் கழிந்தன. அவரிடம் கேட்டதும், பின்னர் படங்களைப் பார்த்து நாமே அறிந்ததுமாகச் சிலவற்றை இங்கு எழுதுகிறோம். வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட நாளில், ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும்.

நாம் ரயில்வேயில் இருப்பவராதலால் பெரியவர் பாடத்தையும் ரயிலடியிலேயே தொடங்கினார். பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் நின்று வண்டி வருவதைப் பாருங்கள். முதலில் தொலைவில் ஒரு புள்ளி. அப்போது தண்டவாளம், சிக்னல், மலை, வானம் எல்லாம் தெரிகின்றன. சற்று நேரத்தில் எஞ்சின் முழுவதும் தெரிகிறது. பிறகு நம்மைக் கடக்கையில் டிரைவரின் முகம் மட்டும் ஒரு கணம் தெரிகிறது. சினிமாக்காரர்கள் லாங் ஷாட், மிட் ஷாட், க்ளோஸ் அப் என்று சொல்லும் மூன்றும் இவையே. தமிழில் சேய்மைக் காட்சி, இடைக் காட்சி, அண்மைக் காட்சி என்பர்.

உலகத்தின் முதல் சினிமாப் படங்களுள் ஒன்று இதைத்தான் காட்டிற்று என்று அறிந்தபோது நமக்கு ஒரு பெருமிதம் உண்டானதை மறைப்பானேன்! பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரத்து உணவு விடுதி ஒன்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு சலனப் படங்களைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் காட்டிய படங்களுள் ஒன்று, லா சியோத்தா என்னும் நிலையத்துக்கு ரயில் வந்து சேரும் காட்சி. ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. அதைக் கண்ட மக்கள் வண்டி தங்கள்மேல் ஏறிவிடும் என்று அலறி ஓடினார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. வரலாறு ஆராய்வோர் அதை நம்புவதில்லை. நமக்கு வியப்பாயிருப்பது வேறொன்று. அவர்கள் காமிராவைத் தண்டவாளத்துக்கு நேர் குறுக்கே வைக்கவில்லை. பிளாட்பாரத்தில், தண்டவாளத்தை ஒட்டிச் சாய்வாக வைத்தார்கள். குறுக்கே வைத்திருந்தால் பெட்டிகள் இடமிருந்து வலமாக ஓடி மறைந்திருக்கும், அவ்வளவுதான். சாய்வாக வைத்தபடியால் தொலைவும் அண்மையும் ஒரே படத்தில், காமிரா அசையாமலே வந்து சேர்ந்தன. ஆக, சினிமா பிறந்தபோதே அந்தக் கேள்வியும் கூடப் பிறந்துவிட்டது: காமிரா எங்கே நிற்கவேண்டும்?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று சலனப் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-ஆம் ஆண்டு டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் புறப்பட்டார். பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டினார். ரயில்வே ஊழியர்களைப் பற்றி நல்லதாக எழுத வாய்ப்புகள் அதிகம் கிடைப்பதில்லை, கிடைத்ததை விடலாமா?

நிற்க. முகத்துக்கு வருவோம்.

மேடை நாடகத்தில் முதல் வரிசைக்காரருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் முகம் ஒரே அளவில் தெரியாது. கடைசி வரிசைக்காரருக்காகவே நடிகர் உரத்துப் பேசவும் கையைப் பெரிதாக வீசவும் வேண்டியிருந்தது. அண்மைக் காட்சி வந்தபின் அந்தத் தேவை போயிற்று. இமை அசைந்தாலே போதும். இதை நன்றாக அறிந்திருந்த நடிகர் ஒருவரின் பெயரோடு நம் சித்தூரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தூர் வி. நாகையா குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். சித்தூர் நாடக மேடையில் பாடியும் நடித்தும் புகழ் பெற்றதனால் ஊரின் பெயரே அவருக்கு முன்னொட்டாயிற்று. 1938-இல் சினிமாவுக்கு வந்தார். மேடைப் பழக்கம் உள்ளவர்தாம். ஆயினும் திரையில் அவர் குரலை உயர்த்துவது குறைவு. 1950-இல் வெளிவந்த 'ஏழை படும் பாடு' படத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். விக்டர் ஹ்யூகோவின் கதையைத் தழுவிய அந்தப் படத்தில், ரொட்டி திருடிச் சிறை சென்று மீண்டவனின் மனமாற்றம் பெரும்பாலும் அவருடைய முகத்திலேயே நடக்கிறது. அதை இயக்கிய கே. ராம்நாத் காமிராக்காரராயிருந்து டைரக்டரானவர். முகத்துக்கு எவ்வளவு அருகில் செல்லலாம், எப்போது விலகி நிற்கவேண்டும் என்பது அவருக்குக் கைவந்திருந்தது.

நாகையா நடித்த மற்றொரு படம் 1945-ஆம் ஆண்டின் 'மீரா'. எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவாகவும் நாகையா ராணாவாகவும் நடித்தார்கள். மீராவின் கதை ராஜஸ்தானத்துச் சித்தோரில் நிகழ்வது. அந்தச் சித்தோர் ராணாவாக நம் சித்தூர்க்காரர் நடித்தது தற்செயல்தான், எனினும் சொல்லி மகிழ வேண்டியது. அந்தப் படத்தின் டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவர் 1930-களில் இந்தியாவுக்கு வந்து, 1950-இல் 'மந்திரி குமாரி' வரையில் தமிழ்ப் படங்களை எடுத்தார். 'மீரா'வுக்காக அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் செய்த காரியம் ஒன்று உண்டு. படப்பிடிப்புக்கு முன்பே எம்.எஸ். அவர்களின் தலையையும் முகத்தையும் போன்ற மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்தார்கள். அந்தச் சிலையின்மேல் பல பக்கங்களிலிருந்தும் விளக்கொளியைப் பாய்ச்சி, பல கோணங்களில் காமிராவை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கம், எந்த உயரம், எந்த வெளிச்சம் அந்த முகத்தின் பக்தியைச் சரியாகக் காட்டும் என்று குறித்துக்கொண்ட பின்னரே படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். பாட்டைக் கேட்டு மயங்கி நிற்கும் நாம், அந்த முகம் நமக்குத் தெரியும் வகையில் எத்தனை உழைப்பு நடந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு முகத்துக்காகச் சிலையே செய்தார்கள். நாமோ நாற்காலியில் வைத்துவிட்டு வந்தோம்.

தூரத்துக்கு அடுத்தது உயரம். பெரிய நிலையங்களில் உள்ள மேம்பாலத்தின்மேல் ஏறிப் பிளாட்பாரத்தைப் பாருங்கள். மூட்டையோடு ஓடும் மனிதர்கள் எறும்புகள்போல் தெரிவார்கள். யார்மீதும் ஓர் இரக்கம் உண்டாகும். அதே வண்டியைத் தண்டவாளத்தருகே நிற்கும் கேங்மேனின் கண்ணால் பாருங்கள். எஞ்சின் மலைபோல் எழுந்து வரும்; நெஞ்சு அதிரும். மேலிருந்து பார்த்தால் மனிதன் சிறுமைப்படுவதும், கீழிருந்து பார்த்தால் பெருமைப்படுவதும் இவ்வாறே. 1941-இல் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்தில், காமிராவை இன்னும் கீழே இறக்குவதற்காக அரங்கின் தரையையே தோண்டினார்கள். அவ்வளவு கீழிருந்து பார்த்தால் கூரை தெரிந்துவிடும். ஸ்டுடியோ அரங்குகளுக்கோ பெரும்பாலும் கூரை கிடையாது, விளக்குகள்தாம் தொங்கும். ஆகவே துணியால் கூரை அமைத்தார்கள்.

ஆனால், வீட்டுக் காட்சியை எடுப்பவர்கள் அமெரிக்கரைவிட ஜப்பானியரிடம் கற்கவேண்டியது அதிகம் என்பது நம் கருத்து. யசுஜிரோ ஓசு என்னும் டைரக்டர் காமிராவைத் தரைக்குச் சற்றே மேலே, பாயில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் தாழ்வான உயரத்தில் வைத்துப் படம் எடுத்தார். அவர் வீட்டு மனிதர்கள் பாயில் அமர்ந்து உண்பவர்கள், பாயில் அமர்ந்து பேசுபவர்கள். நாமும் அப்படித்தானே! தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் பாட்டியை நின்றபடியே படம் எடுத்தால் வகிடும் நெற்றியும்தான் கிடைக்கும். ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-இல் வந்தது. பட்டணத்தில் வேலையாயிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ரயிலேறி வரும் கிழவனும் கிழவியும், பிள்ளைகளுக்கோ நேரமில்லை. கதை அவ்வளவே. காமிரா அநேகமாக அசைவதே இல்லை. நாம் அதைப் பார்த்து முடித்த இரவு உறங்கவில்லை. மறுநாள் ஊருக்குப் போன் செய்தோம்.

அசையாத காமிராவைப் புகழ்ந்துவிட்டு அசையும் காமிராவைச் சொல்லாதிருப்பது நியாயமன்று. ஸ்ரீதர் இயக்கி, ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-இல் வெளிவந்தது. கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடப்பது. நோயுற்ற கணவனாக முத்துராமனும் மனைவியாகத் தேவிகாவும் நடித்தார்கள். கணவனின் கட்டிலருகே அவள் பாடும் பாட்டில் காமிரா அந்த அறைக்குள்ளேயே ஊர்கிறது. கட்டிலுக்கு அடியிலும் புகுந்து அவளைத் தொடர்கிறது. ஓர் அறை, ஒரு கட்டில், இரண்டு பேர். இதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று நினைப்போம். கணவனால் எழுந்து நடக்க முடியாது. அவனுடைய மனம் அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த மனத்தின் வேலையைக் காமிரா செய்கிறது என்றே நமக்குத் தோன்றியது. காரணமின்றிக் காமிராவை ஆட்டுவோர் அந்தப் பாட்டை ஒருமுறை பார்த்தல் நலம். நம் கல்யாண வீடியோக்களில் காமிரா பந்தலின் உச்சிக்கும் பாயசப் பாத்திரத்துக்கும் இடையே ஏன் பறக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

திசையைப் பற்றி ஒரு விதி உண்டு. ரயில்வேக்காரர்களுக்கு எளிதில் புரியும். பிளாட்பாரத்தின் இந்தப் பக்கம் நின்றால் வண்டி இடமிருந்து வலம் செல்லும். தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றால் அதே வண்டி வலமிருந்து இடம் செல்லும். இரண்டையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டினால், அப் வண்டி திடீரென டவுன் வண்டியாகிவிட்டது என்றோ, இரண்டு வண்டிகள் மோதப் போகின்றன என்றோ பார்ப்பவர் நினைப்பார். எதிரெதிரே பேசும் இருவருக்கும் இடையில் இப்படி ஒரு தண்டவாளம் இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் நின்று எடுக்கவேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகும். மாமியாரும் மருமகளும் அப்படித் தெரிந்தால் வேறு பொருள் கொள்வார்கள்.

வெளிச்சத்தைப் பற்றிப் பெரியவர் பேசினால் இரவு பத்து மணியாகிவிடும். அவர் தெய்வமாகக் கொண்டாடுவது மார்க்கஸ் பார்ட்லியை. 1957-இல் தமிழிலும் தெலுங்கிலுமாக எடுக்கப்பட்ட 'மாயாபஜார்' படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். தமிழில் ஜெமினி கணேசன் அபிமன்யுவாகவும் தெலுங்கில் நாகேசுவர ராவ் அபிமன்யுவாகவும் இருப்பர். சாவித்திரி இரண்டிலும் உண்டு. எம் தங்கையின் மாமியார் சித்தூரில் இரண்டையும் பார்த்தவர். படகில் செல்லும் பாட்டில் இரண்டு மொழிக்கும் நிலவு ஒன்றுதான் என்பார். பெரியவரிடம் நாம் கற்றுக்கொண்டது சிறிதே: சன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுக்காதே, முகம் கரியாகிவிடும், சன்னலுக்கு உன் முதுகைக் காட்டி நில், வெளிச்சம் அவர் முகத்தில் விழும்.

ஐப்பசி மாதத்தில் தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. தாயார் பயணம் செய்யமுடியாத காரணத்தால், சித்தூரில் மாப்பிள்ளை வீட்டிலேயே நடத்துவதென முடிவாயிற்று. நாமும் மனைவியும் பாகாலை வழியாக ரயிலில் போய்ச் சேர்ந்தோம். இம்முறை நாற்காலியை நம்பவில்லை. முதலில் தெருவில் நின்று, கோலமும் வாழைமரமும் தெரிய வீட்டை எடுத்தோம். மகள் இருக்கும் வீடு எது என்று தாயாருக்குத் தெரியவேண்டுமே. பிறகு கூடத்தில் பெண்கள் எல்லோரும் தெரிய ஒன்று. அதன்பின் தரையில் அமர்ந்துவிட்டோம். படத்தைப் பெரிதாக்கும் பொத்தானைத் தொடவில்லை. நாமே நகர்ந்து நகர்ந்து அருகில் சென்றோம். வளையல் ஏறும் கை, சந்தனம் பூசும் விரல், பிறகு முகம். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மனத்துக்குள் பத்து வரை எண்ணினோம். முகத்தில் மட்டும் எண்ணிக்கையை மறந்துவிட்டோம். ஆண்பிள்ளை இங்கே என்ன செய்கிறான் என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். மாமியார்தாம், "அவங்க அம்மாவுக்காக எடுக்கிறாரு, விடுங்க" என்று அடக்கினார்.

மொத்தம் ஆறு நிமிடம். அன்று மாலையே வாட்ஸப்பில் அனுப்பினோம். இரவு தாயார் அழைத்தார். வளையலைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

"ஏ ஐயா, அவ முகம் வெளுத்துக் கிடக்கே. உதட்டுல ரத்தமே இல்லை. மாத்திரை தின்னுதாளா என்னன்னு கேளு."

நாம் முன்னூறு மைல் தாண்டியிருக்கும் தாயாரைவிடத் தங்கைக்கு அருகில், இரண்டடி தூரத்தில் அமர்ந்திருந்தோம். மாமியாரும் தினந்தோறும் பார்ப்பவர். எங்கள் கண்ணுக்கு மஞ்சளும் குங்குமமும் பூவும்தான் தெரிந்தன. தங்கையிடம் கேட்டபோது முதலில் மழுப்பினாள். பிறகு, இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் ஒரு மாதமாகவே நிறுத்திவிட்டதாகவும், திட்டுவார்களென்று யாரிடமும் சொல்லவில்லையென்றும் ஒப்புக்கொண்டாள். மறுநாளே டாக்டரிடம் அழைத்துச் சென்றார்கள். இரத்தச் சோகை கூடியிருந்தது. ஊசியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் தேறியிருந்தது. அந்த மூன்று வாரமும் தாயார் கட்டளைப்படி நாள்தோறும் காலையில் சன்னலுக்கு எதிரே அமர்ந்து, பொட்டு வைப்பதற்கு முன்னால், தங்கை தன் முகத்தைத் தானே எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

மார்கழி கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். செய்தி சொல்ல அழைத்தபோது, நாம் படத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே சங்கரன்கோவிலிலிருந்து உத்தரவு வந்துவிட்டது:

"முகம் இருக்கட்டும், பொறவு பார்க்கலாம். முதல்ல காலைக் கிட்டப் போய் எடு. உங்க அப்பா கால் மாதிரி விரல் நீளமா இருக்கான்னு பார்க்கணும்."